உன் கழுத்தில் தொங்கிய பேட்ஜ்

கௌதமி, நேற்று போனில் நான் உன்னிடம் சொன்னது பொய். அதை முதலில் எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத ஆரம்பித்தால் பாதியில் தைரியம் போய்விடும், பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஆபீஸில் எடுத்த மெடிக்கலில் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி தெரிகிறதாம், தைராய்டில் என்கிறார்கள், நீ பயப்படாதே நைனா என்று பெங்களூரிலிருந்து நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். அப்புறம் கேட்டாய். "சின்ன வயசுல கழுத்துப் பக்கம் ரேடியேஷன் எதுனா பட்டுச்சான்னு டாக்டர் கேக்குறாங்க. எந்த வயசுல, எவ்ளோன்னு தெரிஞ்சா நல்லதாம். வூட்ல கேட்டுனு வரச் சொன்னாங்க." நான், "அதெல்லாம் ஒன்னும் கெடையாதும்மா" என்றேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. பதினான்கு வருடமாக நாக்கிலேயே உட்கார்ந்திருந்த பொய், கேட்டதும் குதித்து வந்துவிட்டது.

போனை வைத்ததும் அம்மா, "இன்னாவாம் புள்ளைக்கு?" என்றாள். "ஒன்னுமில்ல, சும்மா பேசுச்சு" என்றேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரிடம் இரண்டு பொய். குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தேன். போகவில்லை. மறுபடி கொப்பளித்தேன். இறால் கழுவிய தண்ணீரைத் தெரியாமல் குடித்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது கண்ணு. கருவாட்டு நாற்றம், கம்பெனிக்காரன் திறந்துவிடும் கேஸ் நாற்றம், மழைக்காலத்தில் வாய்க்கால் வீட்டுக்குள் வரும் நாற்றம் எல்லாம் பார்த்து வளர்ந்தவன். எதற்கும் மூக்கைப் பொத்தியதில்லை. நேற்று என் வாயே எனக்கு நாறியது.

நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது. பள்ளிக்கூட பாரத்தில் 'பைப் கம்பெனி' என்று எழுதினாய், நானும் விட்டுவிட்டேன். எர்ணாவூர் யார்டில் பெரிய பெரிய பைப்புகளை வெல்டிங் அடித்து இணைப்பார்கள், பவர் ஹவுசுக்குப் போகும். வெல்டிங்குக்குள் ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுப்பதுபோல நாங்கள் வெல்டிங்கைப் படம் எடுப்போம். ஆனால் ஆஸ்பத்திரி மிஷினை சுவிட்ச் போட்டு அணைத்துவிடலாம். எங்களுடையதை அணைக்க முடியாது. தூக்க முடியாத கனத்தில் ஒரு பெட்டி, அதற்குள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு உலோகத் துண்டு, அதற்குப் பெயர் சோர்ஸ். அது எந்நேரமும் கதிரைக் கக்கிக்கொண்டே இருக்கும், பெட்டிதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. தூரத்தில் மறைவாக நின்று ஹேண்டிலைச் சுற்றினால், சோர்ஸ் கேபிளில் ஓடி பைப்புக்குள் போய் நிற்கும். கணக்காகச் சில நிமிடம். திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் வந்து அடங்கும். அது வெளியே நிற்கும் நேரத்தில் அந்தப் பக்கம் ஈ காக்காகூட இருக்கக்கூடாது. சுற்றிலும் கயிறு கட்ட வேண்டும், சிவப்புக் கொடி வைக்க வேண்டும், ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். கெட்டுப்போன பிலிம்களை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன், ஞாபகம் இருக்கிறதா? அம்மா அதை ஜன்னல் ஓட்டையில் அடைத்தாள். நீ ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நைனா, இங்க பாரு, புள்ளி புள்ளியா கீது" என்று வெல்டிங்கின் ஓட்டையைக் கண்டுபிடித்தாய். யார்டு முழுக்க அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பேட்ஜ் உண்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, சட்டைப் பையில் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருடைய பேட்ஜையும் கல்மண்டபத்தில் இருந்த காண்டிராக்ட் ஆபீஸிலிருந்து லேபுக்கு அனுப்புவார்கள், அவர்கள் அளந்து சொல்வார்கள். அளவு ஏறிவிட்டால் அந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தால் கூலி கிடையாது. அதனால் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கூலியை நிறுத்துகிறவன்மேல் கோபப்படவில்லை, பேட்ஜின்மேல் கோபப்பட்டோம். சூப்பர்வைசர் பாலையாவே சொல்லிக்கொடுத்தான். "டேய், அத்த மாட்டிகினு சோர்ஸாண்ட போவாதீங்கடா. வூட்ல வச்சிட்டு வாங்க." ஒருத்தன் டீக்கடை பிஸ்கட் பாட்டில்மேல் தொங்கவிட்டான். ஒருத்தன் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தான், சாமிக்கு ரேடியேஷன் இல்லை என்று லேப் எழுதி அனுப்பியது. நான் நம் வீட்டு காலண்டர் ஆணியில் மாட்டினேன். காகிதத்தைப் பார்த்தால் எங்களில் ஒருத்தனும் வேலைக்கே போகாதவன் மாதிரி இருக்கும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். தூ, என்ன பிழைப்பு அது! நம் உடம்பை நாமே ஏமாற்றிவிட்டு, கெட்டிக்காரன் என்று தோளில் தட்டிக்கொண்டோம்.

நீ இரண்டாம் வகுப்பு முடித்த மே மாதம் அது. அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போய்விடுவாள். மத்தியானம் எனக்கு நீதான் சாப்பாடு கொண்டுவருவாய். கேட்டில் வாட்ச்மேனிடம் தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் நான் அம்மாவிடம், "நாளைக்கு செக்கிங் வர்றாங்களாம், பேட்ஜை மறக்காம எத்துனு போவணும்" என்று சொன்னதை நீ கேட்டிருக்கிறாய். காலையில் நான் மறந்துவிட்டுப் போய்விட்டேன். நீ மறக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி, ஆணியிலிருந்து எடுத்து, உன் சிவப்பு ரிப்பனில் கோத்து, ஆபீசர் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் தூக்கோடு வந்தாய்.

வெல்டர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் யார்டு காலியாக இருக்கும், அப்போதுதான் நாங்கள் படம் எடுப்போம். அன்று வாட்ச்மேன் பீடி வாங்கப் போயிருந்தான். கேட் திறந்து கிடந்தது. கட்ட வேண்டிய கயிறு தார்ப்பாய் கட்டப் போயிருந்தது. காவல் நிற்க வேண்டிய ஆளை அந்த மாதம் பாலையா குறைத்துவிட்டான், அந்த வேலையும் என்னுடையதுதான். ஹேண்டிலைச் சுற்றுவதற்கு முன்னால் பைப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு நடை. வெயில் மண்டையைப் பிளந்தது, இந்நேரத்தில் எவன் வரப்போகிறான் என்று சோம்பேறித்தனம். இதில் பாலையாவைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கமாட்டேன், நடக்காதது என் கால்தான். எட்டு நிமிடம் ஒரு படம். சோர்ஸை உள்ளே இழுத்துவிட்டு, சுவருக்குப் பின்னாலிருந்து வந்து பிலிமை மாற்றினேன், பைப் என் நெஞ்சு உயரம், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு எட்டு நிமிடம். சோர்ஸைப் பெட்டிக்குள் இழுத்துவிட்டு வந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. "நைனா, சோறு ஆறிப்போச்சு. எம்மா நேரமா உக்காந்துகினு கீறேன்." அந்த யார்டிலேயே இருந்த ஒரே நிழல் அந்தப் பைப்பின் நிழல். அதில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். "பேட்ஜை மறந்துட்டியே" என்று கழுத்திலிருந்ததைத் தூக்கிக் காட்டினாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு கேட்டுவரை ஓடினேன். ஓடி என்ன பிரயோஜனம், பட்டது பட்டுவிட்டது. வழியில் ஐஸ் வாங்கிக் கொடுத்து, "உள்ள வந்தேன்னு அம்மாகிட்ட சொல்லாத, திட்டும்" என்றேன். ஒரு வாரம் உன் தோலைப் பார்த்தேன், முடியைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சிவக்கக்கூட இல்லை. சரி, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். உடனே தெரியாதது எதுவும் ஆகாதது என்று நினைத்த முட்டாள் நான். பேட்ஜை மறுபடி ஆணியில் மாட்டினேன். அது சுவரில் தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது.

ஆடி மாதம் லேபிலிருந்து கடிதம் வந்தது. என் பேட்ஜில் அளவு எக்கச்சக்கமாக இருக்கிறது, என்ன நடந்தது என்று விளக்கம் வேண்டும், விசாரிக்க ஒரு அதிகாரி வருகிறார். பாலையா நம் வீட்டுக்கே வந்தான். இங்கிலீஷில் டைப் அடித்த காகிதம். "பேட்ஜ் சட்டையிலேருந்து கீழ வுயுந்து, பைப்பாண்டயே கெடந்துச்சு, நீ பாக்கல. அவ்ளோதான். உன் ஒடம்புல ஒன்னும் படல. கையெழுத்துப் போடு." நான் உள்ளதைச் சொன்னேன், புள்ளை உள்ளே வந்துவிட்டது என்று. அவன் முகம் வெளுத்துவிட்டது. "புள்ளன்னு வாயத் தொறந்த, சைட்டை இழுத்து மூடிடுவானுங்க. பத்து பேர் வூட்ல அடுப்பு எரியாது. உன் பேருதான் மொதல்ல." போட்டேன். ஒரு நகலை என் கையில் கொடுத்து, "அதிகாரி கேட்டா இதையே சொல்லணும், மனப்பாடம் பண்ணிக்க" என்றான். நீ வாய்ப்பாடு படித்த பாயில் உட்கார்ந்து நான் பொய்யை மனப்பாடம் பண்ணினேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் நீ என்னிடம் பலமுறை கேட்டது. காலேஜ் சேர்ந்த வருடம்கூடக் கேட்டாய். "நீ என்னை அடிச்சதே இல்ல நைனா, ஒரே ஒரு வாட்டி யாரோ வூட்டுக்கு வந்தப்போ அடிச்ச. எதுக்குன்னே தெரியல." இதற்குத்தான். அந்த அதிகாரி நல்ல மனிதர். பாலையாவோடு வந்து, நம் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, பொறுமையாக, "இந்தப் பேட்ஜை உங்களைத் தவிர வேறு யாராவது போட்டுக்கொண்டார்களா? பயப்படாமல் சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கதவோரம் நின்றிருந்த நீ, "நானும் போட்டுக்கினேன் சார்" என்றாய். பெருமையாகச் சொன்னாய். அவர் உன் பக்கம் திரும்பி, "எப்போம்மா?" என்று கேட்டார். நான் எழுந்து வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். "சும்மா எதுனா உளறிகினே இருக்கும் சார் இது. வாயத் தொறந்தா பொய்." பாலையா பெரிதாகச் சிரித்தான். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் எழுதிக்கொண்டார். அந்த அளவு ஆள்மேல் பட்டதல்ல, கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்று முடிவாயிற்று. அந்த வீட்டில் அன்று உண்மை பேசிய ஒரே ஆளுக்கு ஏழு வயது. அதற்குக் கிடைத்தது அறை.

அந்தக் கையை இப்போது பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். சோறு பிசைய அருவருப்பாக இருக்கிறது. அந்த யார்டில் அதற்கப்புறமும் இரண்டு வருடம் வேலை செய்தேன், அதையும் மறைக்கவில்லை. பேட்ஜை அதற்குப் பிறகும் ஆணியில்தான் மாட்டினேன். பயந்து திருந்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திருந்தவில்லை. உயரமான ஆணியாகப் பார்த்து மாட்டினேன், உனக்கு எட்டாமல். அவ்வளவுதான் நான் செய்தது.

இன்று காலை ராயபுரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். தெரிந்தவர் மகளுக்குக் கழுத்தில் கட்டி, சின்ன வயதில் கதிர் பட்டிருக்கிறது என்று ஆரம்பித்தேன், அங்கேயும் பொய். கழுத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை கேன்சரே இல்லை, ஊசியில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும், ஒருவேளை அதுவாகவே இருந்தாலும் இந்த வயதில் நேரத்தோடு பிடித்தால் நன்றாகக் குணமாகும் என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது, உனக்கும் வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அப்புறம் சொன்னார், குழந்தைகளின் தைராய்டு வளர்கிற தைராய்டு, பெரியவர்களைவிட அதற்குக் கதிர் ஆகாது. எவ்வளவு சின்ன வயதில் பட்டதோ, எவ்வளவு அதிகம் பட்டதோ, அதற்குத் தகுந்தபடி ஆபத்து ஏறும். உடனே தெரியாது, பல வருடம் கழித்தும் வரலாம். "அதனாலதான் வயசும் அளவும் கேக்குறோம். அந்தப் பொண்ணுக்கு எந்த மாதிரி பட்டது?" பைப், சோர்ஸ் என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "அப்போ அளவு தெரிய வாய்ப்பே இல்லை. இந்த மாதிரி ஆளுங்களுக்குக் குத்துமதிப்பாத்தான் போடணும். குழந்தை கழுத்துல யாரு பேட்ஜ் மாட்டிவிடப் போறாங்க?" என்றார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஏனென்றால் மாட்டியிருந்தாய். நினைத்துப் பார் கௌதமி. அந்த மூன்று மாதமும் அந்தப் பேட்ஜ் இருந்தது இரண்டே இடத்தில். நம் வீட்டு ஆணி, உன் கழுத்து. என் சட்டையில் அது ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை, நான் அவ்வளவு யோக்கியன். அதனால் அதில் ஏறியிருந்த அளவில் என்னுடையது ஒரு துளியும் கிடையாது. முழுக்க உன்னுடையது. ரிப்பனைக் குட்டையாகத்தான் கட்டியிருந்தாய், பேட்ஜ் உன் தொண்டைக்குழிக்கு நாலு விரல் கீழே தொங்கியது, தூக்கிக் காட்டினாயே, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எந்தக் குழந்தைக்கும் இல்லாத அளவு உனக்குச் சுத்தமாக இருந்தது. நீயே அளந்து கொண்டுவந்து கொடுத்தாய். அதைத்தான் நான் கையெழுத்துப் போட்டு அழித்தேன்.

டாக்டரம்மாவிடம், "தெரிஞ்சவர் மகள் இல்ல, என் மகள்தான்" என்று சொல்லிவிட்டேன், பேட்ஜையும் லேப் கடிதத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தக் காகிதம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது. பாலையா மனப்பாடம் பண்ணக் கொடுத்த நகலோடு லேப் கடிதத்தின் நகலும் சேர்ந்து குத்தியிருந்தது, டிரங்குப் பெட்டியில் உன் பிறந்த சர்டிபிகேட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏன் கிழித்துப் போடவில்லை என்று எனக்கே தெரியாது. பெட்டியைக் குடையும்போது அம்மா வந்து நின்றாள். அவளிடமும் சொன்னேன். அவள் அழவில்லை. "அன்னிக்கு நீ அட்ச்சப்போ நானும் உன் பக்கம்தான்யா பேசுனேன். பெரியவங்க பேசுறப்போ நடுவுல பேசுவியாடீன்னு கொயந்தய நானும் திட்னேன். ராத்திரி சாப்புடாமயே படுத்துச்சு. என்னையும் சேத்து கலீஜ் பண்ணிட்டியே." அவ்வளவுதான் பேசினாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. நான் எழுத உட்கார்ந்ததும் விளக்கை மட்டும் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அப்பன் புத்தி விடவில்லை. நீ இப்போது வேலை செய்கிற இடத்தில் ஏ.சி. இருக்கும், பைப் இருக்காது. ஆனால் பாலையா இருப்பான். நன்றாக உடுத்திக்கொண்டு, பத்து பேர் அடுப்பைக் காட்டி, உன்னிடம் ஒரு காகிதத்தை நீட்டுவான். அந்தப் பத்து அடுப்பும் நிஜம்தான், அதுதான் அதில் இருக்கும் கெட்ட விஷயம். அப்போது ஒரு நிமிடம், கதவோரம் யார் நிற்கிறார்கள் என்று பார். நான் பார்க்கவில்லை.

லேப் கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அதிலுள்ள எண்ணை நான் என் கையால் இங்கே எழுதப்போவதில்லை. நான் எழுதினால் அதை நம்பாதே, அச்சில் இருப்பதை டாக்டரிடம் காட்டு. இன்னொரு தாளில் ஒரு படம் வரைந்திருக்கிறேன். பைப் எங்கே, சோர்ஸ் எங்கே நின்றது, நீ எங்கே சாய்ந்திருந்தாய், எத்தனை நிமிடம், பேட்ஜ் எந்த உயரத்தில் தொங்கியது எல்லாம் இருக்கிறது, கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்வார்கள். லேபுக்கும் ஒரு கடிதம் எழுதி மத்தியானமே ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன், அன்று நான் கொடுத்த வாக்குமூலம் பொய், அந்த அளவு நிஜம், அது என் மகளுடையது என்று. என்ன நடவடிக்கை எடுப்பார்களோ எடுக்கட்டும்.

ஊசி டெஸ்ட் வியாழக்கிழமை என்றாய். புதன்கிழமையே நானும் அம்மாவும் வண்டி ஏறுகிறோம். நீ என்னைப் பார்க்க மாட்டேன் என்றால் அம்மா மட்டும் உள்ளே வரட்டும், நான் வெளியே பெஞ்சில் இருந்துகொள்கிறேன். டாக்டர் உன்னிடம் மறுபடி கேட்பார், சின்ன வயதில் ஏதாவது பட்டதா என்று. அன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரிடம் என்ன சொன்னாயோ, அதையே சொல். நீ பொய் சொல்லவில்லை கண்ணு. நீதான் போட்டுக்கொண்டிருந்தாய்.